முற்றத்திலும் செடிச்சட்டியிலும் கிழங்குப் பூக்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் கிழங்கிலிருந்து வளரும் பூச்செடிகள் நிறைய உண்டு. ஒரு தடவை நட்டால் பல வருடம் நின்று பூக்கும் செடிகளும் உண்டு. பார்க்க வந்தவர்கள் கேட்டதும், கிழங்கு வாங்கிப் போனவர்கள் பிறகு போன் செய்து கேட்டதும்தான் இந்தக் கேள்விகள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் எல்லாக் கணக்கும் உறைபனியை வைத்தே இருக்கும். நமக்கு உறைபனி கிடையாது. இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, அதற்குப் பிறகு தையிலிருந்து நீளும் வெயில். இங்கே கிழங்கு தூங்குவதும் விழிப்பதும் இந்த மழைக் கணக்கில்தான். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன.

கிழங்கு என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. அடுக்களையில் இருப்பதை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அமரில்லிஸ், மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, சம்பங்கி இவையெல்லாம் உள்ளி, அதாவது வெங்காயம் மாதிரி. அறுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். கிளாடியோலஸ் சேனை மாதிரி, உள்ளே அடுக்கில்லாமல் கெட்டியாக இருக்கும். கல்வாழை, ஹெலிகோனியா, வெள்ளை இஞ்சிப்பூ மூன்றும் இஞ்சி போல மண்ணுக்குள் படுத்தபடி கிளைவிடும். டாலியாவின் கிழங்கு சர்க்கரைவள்ளி போல. நாலுமணிப்பூ என்று நாம் சொல்லும் அந்திமந்தாரைக்கும் அடியில் தடித்த வேர்க்கிழங்கு உண்டு.

இதை ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், கையாளும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. உள்ளி இனத்தைத் தோண்டி நிழலில் காயவைத்து வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். இஞ்சி இனத்தை அப்படி வைத்தால் சுருங்கிப்போகும். எடுத்த இரண்டு மூன்று நாளில் நட்டுவிட வேண்டும். டாலியாக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பழைய தண்டின் அடியில் ஒரு முளைக்கண் ஒட்டியிருந்தால்தான் முளைக்கும். கழுத்து உடைந்த கிழங்கை எத்தனை நாள் நனைத்தாலும் பயனில்லை.

முதல் தடவை நடுகிறேன். எதில் தொடங்கலாம்?

மழை லில்லியில். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று கிடைக்கிறது. அகலமான, ஆழம் குறைந்த ஒரு சட்டியில் பத்துப் பன்னிரண்டு கிழங்கை நெருக்கமாக, இரண்டு விரல் ஆழத்தில் நடுங்கள். நெருக்கத்தில்தான் அது நன்றாகப் பூக்கும். காய்ந்து கிடந்த மண்ணில் நல்ல மழை ஒன்று விழுந்தால் மூன்று நான்கு நாளில் சட்டி முழுக்கப் பூ. மழை இல்லாத நாளில் பூ வேண்டுமென்றால் மூன்று வாரம் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒரு நாள் மாலையில் சட்டி நிறைய ஊற்றுங்கள். வெள்ளைப் பூ வகை ஈரத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். அதனால் குலசேகரம், திற்பரப்பு மாதிரி மழை அதிகமுள்ள இடங்களில் வெள்ளையில் தொடங்குவது நல்லது.

எந்த மாதத்தில் நட வேண்டும்?

நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள் நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பருவம் வைத்திருந்தார்கள். அறுவடை வரும் மாதத்தை வைத்து வந்த பெயர்கள். பருவத்துக்கே பூ என்று பெயர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தோட்டத்திலும் அந்த மாதிரி இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

செங்காந்தள் கிழங்கை ஆனியில், முதல் மழை மண்ணை நனைத்ததும் நட வேண்டும். ஆவணியிலிருந்து கார்த்திகை வரை பூக்கும். கார்த்திகைப் பூ என்று ஒரு பெயர் அதற்கு இருப்பது சும்மா இல்லை. அமரில்லிஸைத் தை, மாசியில் நடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பூக்கும். சிவப்புப் பந்து போல் ஒற்றைப் பூங்கொத்து விடும் ஃபுட்பால் லில்லிக்கும் இதே காலம்தான், அது மே மாதத்தில் தலைகாட்டும். சம்பங்கியைத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஆனி, ஆடியில் நடலாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் அந்த மாதங்களில் மண் சேறாகக் கிடக்கும்; எனக்குச் சரிப்பட்டது மாசி மாதம். டாலியாவும் கிளாடியோலஸும் ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி தொடங்கும்போது. அவற்றுக்கு நம் ஊரில் கிடைப்பது மார்கழி, தை, மாசி என்ற மூன்று மாதக் குளிர்ச்சி மட்டும்தான். கல்வாழைக்கு நாள் பார்க்கத் தேவையில்லை.

டூலிப் கிழங்கு ஆன்லைனில் விற்கிறார்கள். இங்கே பூக்குமா?

பணத்தை அதில் போடாதீர்கள். டூலிப், டாஃபடில் போன்றவை மாதக்கணக்கில் கடுங்குளிரில் கிடந்தால்தான் உள்ளே பூந்தண்டு நீளத் தயாராகும். டூலிப்புக்கு 12 முதல் 16 வாரம் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துப் பூக்க வைப்பவர்கள் உண்டு. அப்போதும் பழங்களோடு சேர்த்து வைக்கக்கூடாது, பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். அத்தனையும் செய்தாலும் ஒரு தடவை குட்டையாகப் பூத்துவிட்டுக் கிழங்கு வீணாகும். அதே காசுக்கு நாலு அமரில்லிஸ் வாங்கினால் பத்து வருடம் கழித்து நாற்பதாக நிற்கும்.

சட்டிக்கு மண் எப்படிக் கலப்பது?

நம் மாவட்டத்துக்கு ஒரே கலவை சொல்ல முடியாது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். மேற்கே பேச்சிப்பாறைப் பக்கம் அதே தண்ணீர் மூன்று நாள் நிற்கும்.

மேற்கே இருப்பவர்கள் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாணம் அல்லது இலைமட்கு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு அரைப் பங்கு என்று கலக்கலாம். கிழக்கே இருப்பவர்கள் மணலை அரைப் பங்காகக் குறைத்து நார்க்கழிவை ஒரு பங்காக்குங்கள். இரண்டிலும் சட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்புப்பொடி கிடைத்தால் ஒரு கைப்பிடி.

மணல் விஷயத்தில் கவனம் வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது. எம் சாண்ட் போடுவதானால் நுண்தூள் போகுமட்டும் அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சிமெண்டு மாதிரி இறுகும். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், குறிப்பாகக் கடலோரக் காயல் நீரில் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட இடத்திலிருந்து வந்ததென்றால். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் செந்தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறவைத்து, மூன்று தடவையாவது செய்யுங்கள். இலை நுனி கருகுகிறது என்று போன் செய்தவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான் விட்டிருந்தார்கள்.

வெட்டுக்கல் பூமியின் செம்மண்ணில் அமிலத்தன்மை கூடுதல். உள்ளி இனக் கிழங்குகளுக்குச் சட்டிக்கு ஒரு டீஸ்பூன் நீற்றுச் சுண்ணாம்பு, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கலந்து வைத்தால் போதும்.

மழைக்காலத்தில் கிழங்கு அழுகிப்போகிறதே, என்ன செய்வது?

என்னிடம் மிகக் கூடுதலாக வரும் கேள்வி இதுதான், எனக்கே முதலில் வந்த நஷ்டமும் இதுதான். ஆறு அமரில்லிஸ் கிழங்கு ஆசையாக வாங்கி நட்டு, ஆடி மழையில் சட்டிகளை முற்றத்திலேயே விட்டிருந்தேன். இலைகள் பச்சையாக நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் களை பறிக்கும்போது ஒரு இலையைப் பிடித்தேன், கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வெந்த உள்ளி மாதிரி கூழாக இருந்தது. ஆறில் நாலு போனது. அன்றைக்கு வந்த வருத்தத்தில்தான் சட்டியின் அடிப்பக்கத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டை ஆனி மாதமே எடுத்துவிடுங்கள். சட்டியைத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் துண்டுகள் மேல் வையுங்கள். ஓட்டை தரையோடு ஒட்டியிருந்தால் தண்ணீர் இறங்காது. அடியில் ஜல்லி நிறையப் போட்டால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே இருக்கும் மண் இறுக்கமாக இருந்தால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காமல் அதற்கு மேலேயே தேங்கி நிற்கும், வேர் இன்னும் சீக்கிரம் அழுகும். ஓட்டையை மறைக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும். மண்தான் இளக்கமாக இருக்க வேண்டும்.

அமரில்லிஸை நடும்போது கிழங்கின் மேல் பாதி வெளியே தெரிய வேண்டும். கழுத்தில் மண் பட்டால் அங்கேதான் அழுகல் தொடங்கும். தரையில் நடுவதானால் முக்கால் அடி உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டின் மேல் நடுங்கள். மேட்டைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு வழி விட்டால் மழைத் தண்ணீர் அதில் ஓடிவிடும். ஓட்டுக்கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் இறவாணத்தின் கீழே எந்தக் கிழங்கும் நிற்காது, கல்வாழையைத் தவிர.

அழுகத் தொடங்கிய கிழங்கைக் காப்பாற்ற முடியும். தோண்டியெடுத்துக் கழுவி, வெள்ளையான கெட்டிச் சதை வரும்வரை அழுகலைக் கத்தியால் அறுத்தெறியுங்கள். அடியில் வேர் கிளம்பும் வட்டத் தட்டு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பிழைக்கும். வெட்டிய இடத்தில் விறகுச் சாம்பல் தடவி நாலு நாள் நிழலில் ஆறவிட்டு, ஈரமில்லாத மணலில் வைத்து, புது இலை வந்த பிறகு தண்ணீர் காட்டுங்கள். மிச்சமுள்ள சட்டிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாப் பொடி) கரைத்து ஊற்றினால் பரவுவது குறையும்.

அமரில்லிஸ் இலையாகத் தழைக்கிறது. பூவே இல்லையே?

ஓய்வு கொடுக்கவில்லை. மார்கழியில் மழை விட்டதும் சட்டியை மழை படாத திண்ணையிலோ தார்சாவிலோ வைத்து ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகிச் சாயும். பச்சையாக இருக்கும்போது அதை வெட்ட வேண்டாம், அதிலிருக்கும் சத்து கிழங்குக்குள் இறங்க வேண்டும். மாசியில் மறுபடி வெயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் மொட்டு முட்டிக்கொண்டு வரும். பூ முடிந்த பிறகு வரும் இலைக்குத்தான் உரம் தேவை, அடுத்த வருடப் பூ அப்போதுதான் உள்ளே உருவாகிறது. எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத சின்னக் கிழங்கென்றால் இன்னும் ஓரிரு வருடம் பொறுக்க வேண்டும்.

சம்பங்கி: ஒற்றையா, அடுக்கா?

மணத்துக்கும் தலையில் வைக்கவும் மாலைக்கும் ஒற்றை. குவளையில் தண்டோடு வைக்க அடுக்கு. தோவாளைச் சந்தையில் மாலைக்காகக் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்பது ஒற்றைதான். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வகைகளில் சிருங்கார், பிரஜ்வல் இரண்டும் ஒற்றை. சுவாசினி அடுக்கு, வைபவ் அரை அடுக்கு. சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும். முன்பு தக்காளியோ கத்தரியோ நின்ற பாத்தியில் நடுகிறீர்கள் என்றால் அதையே தேடுங்கள்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கிழங்கு நன்றாகப் பூக்கும். தோண்டிய உடனே நடாமல் ஒரு மாதம் நிழலில் வைத்து நடுவது வழக்கம். நல்ல வெயில் வேண்டும். தென்னை நிழலில் இலை மட்டும் வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து வேறு இடத்தில் நடுங்கள்.

செங்காந்தள் வீட்டில் வைக்கலாமா? விஷம் என்கிறார்களே.

விஷம்தான், அதிலும் கிழங்கு கடும் விஷம். அதில் இருக்கும் கோல்ச்சிசின் உயிரை எடுக்கும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மரச்சீனி, சேம்பு, கூவைக்கிழங்கு, சிறுகிழங்கு என்று முற்றத்தில் தோண்டியெடுத்து அவித்துத் தின்னும் ஊர் நம்முடையது. செங்காந்தளைக் காய்கறிப் பாத்தி அருகில் நடவே கூடாது. பெயர் எழுதிய தனிச் சட்டியில், குழந்தைகள் கைபடாத இடத்தில் மட்டும் வையுங்கள். தோண்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் அதை வளர்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டின் மாநிலப் பூ அது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, நாளாக நாளாகச் சிவப்பே படர்ந்துகொண்டு வரும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும், ஏறுவதற்கு ஒரு கம்போ வேலியோ இருந்தால் போதும். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கு வீண். படுக்கையாக, நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். தையில் கொடி காய்ந்து மறைந்ததும் செத்துவிட்டது என்று சட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

அமரில்லிஸ், ஸ்பைடர் லில்லிக் கிழங்குகளும் அரளியும் தின்னக்கூடாதவைதான்.

கடற்கரையில் வீடு. குளச்சல், முட்டம் காற்றில் எது நிற்கும்?

ஸ்பைடர் லில்லி தாராளமாக நிற்கும். விஷமூங்கில் என்று சொல்லும் பெரிய வெள்ளை லில்லியும் நிற்கும், அது இயல்பிலேயே கடற்கரைச் செடி. நித்தியகல்யாணி, அரளி, பத்துமணிப்பூ, அடீனியம் நான்கும் உப்புக்காற்றைத் தாங்கும். இலையில் உப்புப் படிந்தால் வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். டாலியாவை மறந்துவிடுங்கள்.

மதில் ஓரப் பாத்தியில் எதை எங்கே வைப்பது?

மதிலையொட்டிப் பின்னால் அரளி, ஹெலிகோனியா, கல்வாழை. நடுவில் இட்லிப்பூ, கனகாம்பரம், சம்பங்கி. முன்னால் மழை லில்லி, நித்தியகல்யாணி. உயரக் கணக்கு அவ்வளவுதான். அதைவிட முக்கியம் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை மணிக்கொரு தடவை போய்ப் பார்த்துக் குறித்துவையுங்கள். கனகாம்பரமும் இஞ்சிப்பூவும் அரை நிழலில் சந்தோஷமாக இருக்கும், சம்பங்கிக்கும் கல்வாழைக்கும் முழு வெயில் வேண்டும்.

எங்கள் மதில் ஓரம் ஒரு பலா நின்றது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் அது வேரோடு சாய்ந்தது. நிழல் பாத்தி ஒரே நாளில் வெயில் பாத்தியாகிவிட்டது. அந்தக் கோடையில் இஞ்சிப்பூ முழுக்கக் கருகியது. இருப்பதைக் காப்பாற்றத் தென்னோலை கட்டிப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்த மழைக்கு அவற்றைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டு, பலா நின்ற இடத்தில் சம்பங்கி வைத்தேன். இப்போது ராத்திரியில் ஜன்னலைத் திறந்தால் அந்த மணம்தான்.

ஹெலிகோனியா வேர் மண்ணுக்குள் ஓடிப் பக்கத்துச் செடிகளை நெருக்கும். நடும்போதே பழைய ஓடுகளைச் சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்குப் புதைத்து அணை கட்டிவிடுங்கள்.

இட்லிப்பூ இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. ஏன்?

புது மதிலின் சிமெண்டும் பூச்சும் மண்ணில் இறங்கிச் சுண்ணாம்புத்தன்மை கூடியிருக்கும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. மதிலிலிருந்து இரண்டடி தள்ளி நட்டு, செம்மண்ணும் இலைமட்கும் போடுங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் இதற்கு ஆகாது.

மல்லிகை, பிச்சி எப்போது வெட்ட வேண்டும்?

மல்லிகையை நவம்பர் கடைசியில், பிச்சியை டிசம்பர் கடைசியில். மழை விடாமல் பெய்தால் விடும்வரை பொறுங்கள், வெட்டுக்காயத்தில் ஈரம் நிற்கக்கூடாது.

நத்தையும் புழுவும் தின்கின்றன. மருந்து உண்டா?

மழைக்குப் பிறகு வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தைக்குக் கைதான் மருந்து. மாலையில் ஈரச்சாக்குக்கு அடியில் பப்பாளி இலையைப் போட்டு வையுங்கள். விடியுமுன் அங்கே கூடியிருக்கும். உறை போட்ட கையால் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, அதன் உடலில் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். உப்பைச் செடி மண்ணில் தூவுகிறவர்கள் செடியையும் சேர்த்துக் கொல்கிறார்கள்.

லில்லி இனத்துக்கென்றே கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு புழு உண்டு. இரண்டு ராத்திரியில் அமரில்லிஸை மொட்டையாக்கிவிடும். செங்காந்தளையும் விடாது. இலையின் அடியில் குஞ்சுகள் கூட்டமாக இருக்கும்போதே அந்த இலையை வெட்டி அழித்தால் வேலை முடிந்தது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

நல்ல கிழங்கு எங்கே கிடைக்கும்?

சம்பங்கிக்குத் தோவாளைப் பக்கத்துச் சாகுபடிக்காரர்களைக் கேளுங்கள். பழைய வயலைத் தோண்டும்போது கிழங்கு மிஞ்சும். பேச்சிப்பாறை அரசு தோட்டக்கலைப் பண்ணையிலும் என்ன செடி இருக்கிறது என்று விசாரிக்கலாம். மற்றதெல்லாம் அண்டை வீடுகளில்தான் இருக்கிறது. என்னிடம் உள்ளதில் பாதிக்குமேல் அக்கம்பக்கத்து அக்காமார் தந்தது. ஆன்லைனில் ஒரு தடவை மஞ்சள் மழை லில்லி என்று வாங்கி, பூத்தபோது ரோஸாக இருந்தது. பூவோடு கண்ணால் பார்த்து வாங்குவதே நல்லது.

வாங்கும்போது அடித்தட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள், புளித்த வாசனை வந்தாலும் வேண்டாம். ஈரமாக இருந்தால் இரண்டு நாள் நிழலில் காற்றாட வைத்து நடுங்கள். பக்கக் கிழங்கு வந்ததும் உடனே பிரிக்கத் தோன்றும். தாய்க்கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளரட்டும், அதுவரை சேர்ந்தே இருக்கட்டும்.